வீட்டு வாயிலும் விளையாட்டரங்கும்

விருந்துக்கு ஒருவரை அழைப்பவர் முதற்கண் தம் வீட்டு முகவரியைச் சொல்லுகிறார். அடுத்து, அவர் வரும் வேளையிலே படலையைத் திறந்து வைக்கிறார். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் விருந்தோம்பல் நடவாது. கணினிகளை இணைத்துப் பலர் கூடி ஆடும் விளையாட்டுக்கும் இவ்விரண்டுமே வேண்டும். ஆயினும், தன் வீட்டுக் கணினியிலே ஆட்டத்தை நடத்தி, அயலூரிலும் கடல் கடந்தும் வாழும் நண்பர்களை அதற்குள் வரவேற்க விரும்பும் இளைஞன் இன்று பெரும்பாலும் முதல் முயற்சியிலே தோல்வியுறுகிறான். நண்பர்கள் வாசலில் நின்று தட்டுகிறார்கள். தட்டும் ஓசை உள்ளே கேட்பதில்லை.

நேயர்களே, இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதை வரலாற்று முறையில் நோக்குவதே இப்பேச்சின் நோக்கம். பொருள் விளையாட்டாயினும் கேள்வி விளையாட்டன்று. சாதாரண குடும்பம் ஒன்றின் வீடு, இணையம் என்னும் பெருந்தெருவிலே முகவரியும் வாயிலும் உடைய மனையாக நிற்குமா, அன்றிப் பிறர் நடத்தும் கடைகளுக்குப் போய்வருவோரின் தங்குமிடமாக மட்டும் அமையுமா என்பதே அக்கேள்வி. அதனை முதன்முதல் தம் கையாலே தொட்டுணர்ந்தவர்கள் சட்ட அறிஞரோ அரசியலாளரோ அல்லர்; நள்ளிரவில் விளையாட உட்கார்ந்த பையன்கள்.

கணினியில் பலர் கூடி ஆடிய தொடக்க காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. வீட்டிலே கணினி இல்லாதபோது வீட்டு வாயில் என்ற பேச்சுக்கு இடமேது? ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் 1960 இல் கல்விக்கெனத் தொடங்கப்பட்ட பிளேற்றோ என்னும் அமைப்பில், நடுவே ஒரு பெருங் கணினியும் அதனோடு கம்பியால் இணைந்த பல திரைகளும் இருந்தன. 1973 இல் அதற்கென எழுதப்பட்ட 'எம்பயர்' என்ற விண்வெளிப் போராட்டத்தில், வெவ்வேறு அறைகளில் இருந்தோர் ஒரே களத்தில் மோதினர். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978 இல் ரோய் ட்ரப்ஷோ என்னும் மாணவர் தொடக்கிவைக்க, பின்னர் ரிச்சட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற ஆட்டமோ எழுத்தாலேயே நடந்தது. குகைகளும் காடுகளும் சொற்களாகவே திரையில் விரிந்தன. வெளியார் தொலைபேசி வழியாக அதிலே சேர இடமளிக்கப்பட்டதும், அது பின்னிரவு வேளைக்கு உரியதாகவே இருந்தது. பகலில் அப்பொறி படிப்புக்கு வேண்டியதாயிற்று. இவ்வாட்டங்களில் எல்லாம் விருந்தளித்தவை கல்விக்கூடங்கள். வீடு, விருந்தினனாக மட்டுமே சென்றது.

வீடு தானே விருந்தளிக்கத் தொடங்கிய காலத்தைச் சொல்வதானால் 1993 டிசெம்பர் 10 ஐத் தவிர்த்துச் செல்ல இயலாது. அன்று ரெக்சஸ் மாநிலத்தின் மெஸ்கீற் நகரில் இயங்கிய இட் சொப்ட்வெயர் என்ற சிறு நிறுவனம் 'டூம்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகக் கணினி ஒன்றிலே அது வைக்கப்பட, அதனைப் பெற்றுக்கொள்ள முண்டியடித்த கூட்டத்தை அக்கணினி தாங்கவில்லை. டூமை இருவர் ஆடலாம். நால்வர் வரையும் ஆடலாம். இரு கணினிகளை ஒரு கம்பியால் நேரே தொடுக்கலாம். மோடம் வழியாக ஒரு வீட்டுத் தொலைபேசியிலிருந்து மற்றொரு வீட்டுத் தொலைபேசியை அழைக்கலாம். அல்லது கந்தோர்களிலும் பல்கலைக்கழகங்களிலும் அமைந்திருந்த உள்வலையிலே ஆடலாம். அவ்வுள்வலைகளில் அன்று பெருவழக்காக இருந்தது நொவெல் நிறுவனத்தின் ஐபிஎக்ஸ் என்ற செய்திமுறை.

வானொலி நேயர்களுக்கு 'ஒலிபரப்பு' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் பேச எல்லோரும் கேட்கிறார்கள். விரும்பாதவர் பெட்டியை மூடிவிடலாம். டூமின் முதற் பதிப்பு உள்வலையில் செய்திகளை அனுப்பிய முறையும் ஒலிபரப்பே. ஆனால் இங்கே விரும்பாத கணினி பெட்டியை மூட இயலாது. வலையிலுள்ள ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு பொதியையும் ஏற்று, பிரித்துப் பார்த்து, தனக்குரியதன்று எனத் தெளிந்த பின்னரே எறிய வேண்டும். ஆட்டம் வினாடிக்கு 35 முறை அடியெடுத்து வைத்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒவ்வொருவரும் தம் செய்தியை அனுப்பினர். நால்வர் ஆடினால் வினாடிக்கு நூற்றுக்கு மேற்பட்ட பொதிகள், ஆட்டத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத கணக்காளரின் கணினியையும் தட்டி எழுப்பின. கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் இன்ரெல் கம்பனியும் அவ்வாட்டத்தைத் தம் வலைகளிலிருந்து விலக்கிவைத்தன. 1994 இல் வந்த திருத்திய பதிப்பில், செய்திகள் உரியவருக்கு மட்டும் செல்லுமாறு மாற்றப்பட்டன. ஒரு விளையாட்டு வலைப் பொறியியலாளருக்குப் பாடம் கற்பித்த முதற் சந்தர்ப்பங்களுள் இது ஒன்று எனலாம்.

தொலைபேசி வழி ஆட்டத்துக்கு ஒரு பெருங் குறை, அது இருவரோடு நின்றுவிடுவது. அக்குறையை ஹூஸ்ரன் நகரில் 1994 இல் எழுந்த ட்வாங்கோ என்ற சேவை ஒருவாறு தீர்த்தது. ஆடுவோர் அனைவரும் அங்கிருந்த கணினியைத் தொலைபேசியில் அழைப்பர். அக்கணினி அவர்கள் எல்லோரும் ஒரே கட்டடத்து உள்வலையில் இருப்பது போன்ற மாயத்தை உண்டாக்கும். தொலைதூரக் கட்டணத்தைப் பெற்றோர் கண்டறிந்த இல்லங்களில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். இதனினும் நுட்பமான வழி 1995 இல் வந்த 'காலி' என்னும் மென்பொருள். உள்வலைக்கென எழுதப்பட்ட ஐபிஎக்ஸ் பொதியை அவ்வாறே எடுத்து, இணையப் பொதி ஒன்றின் வயிற்றுள்ளே வைத்து அது அனுப்பிற்று. மறுமுனையில் உறை கிழிக்கப்படும். ஆட்டத்துக்கோ தன் பொதி உலகைச் சுற்றி வந்ததே தெரியாது. இருபது டொலர் கொடுத்தோர் கால எல்லையின்றி அதனைப் பயன்படுத்தலாம்.

ஆனால் இணையத்தையே தன் தாய்மொழியாகக் கொண்டு பிறந்த ஆட்டம் 'குவேக்'. 1996 யூன் 22 இல் அதே நிறுவனத்தார் அதனை வெளியிட்டனர். இதன் அமைப்பை நாம் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். இன்று வீட்டிலே ஆட்டம் நடத்தும் எவரும் கைக்கொள்ளும் அமைப்பு இதுவே. டூமில் எல்லாக் கணினிகளும் சமநிலையில் நின்று ஒன்றையொன்று காத்திருந்தன. ஒன்று தாமதித்தால் எல்லாம் தாமதித்தன. குவேக்கிலோ ஒரு கணினி சேர்வராக அமர்ந்தது. யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டது யார்மேற் பட்டது என்ற வழக்குகளுக்கெல்லாம் அதுவே நீதிபதி. ஏனையோர் தம் செயலை அதற்கு விண்ணப்பித்துத் தீர்ப்பைப் பெற்றுக்கொண்டனர். ஆட்டம் நடக்கும்போதே புதியவர் உள்ளே வரலாம். இருப்பவர் எழுந்து போகலாம். அந்நீதிபதி எந்த வீட்டிலும் அமரலாம் என்பதே இதன் சிறப்பு.

செய்திகளைச் சுமக்க அது தெரிந்துகொண்ட முறை யூடிபி எனப்படுவது. 1980 ஓகஸ்டில் யோன் பொஸ்ரெல் மூன்றே பக்கங்களில் வரைந்த விதி அது. அனுப்பிய பொதி சேர்ந்ததா என்று யூடிபி கவலைப்படுவதில்லை. தபாற் கந்தோரின் பதிவுத் தபாலுக்கும் சாதாரணத் தபாலுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நினைவு கூரலாம். கடிதம் ஒன்று தொலைந்தால் பதிவுத் தபால்காரர் அது கிடைக்கும்வரை அடுத்த கடிதத்தைத் தரமாட்டார். பொருட் கணக்குக்கு அது நன்று. ஆட்டத்தில், கால் வினாடிக்கு முன் எதிரி எங்கே நின்றான் என்ற பழங் கடிதத்தால் யாருக்கு என்ன பயன்? புதிய கடிதம் உடனே வந்தாற் போதும்.

பொதி வந்து சேரும் கணினியிலே பல வேலைகள் ஒருங்கே நடக்கக் கூடும். எந்தப் பொதி எந்த வேலைக்கு உரியது என்பதைக் காட்டுவதே போர்ட் இலக்கம். ஒரு கணினிக்கு அத்தகைய 65,536 இலக்கங்கள் உண்டு. ஒவ்வோர் ஆட்டமும் தனக்கென ஓர் இலக்கத்தைப் பழக்கத்தால் உரிமையாக்கிக் கொண்டது. குவேக் 26000 ஐயும், 1998 இல் வந்த 'ஹாவ் லைவ்' 27015 ஐயும், பின்னாளில் மைன்கிராப்ட் 25565 ஐயும் வைத்துக்கொண்டன. ஒரு தலைமுறை இளைஞருக்குத் தம் பாட்டனார் வீட்டுத் தொலைபேசி இலக்கம் நினைவில் இல்லாவிடினும் இவ்விலக்கங்கள் நினைவில் நின்றன.

1996 ஆம் ஆண்டளவில், மோடம் மூலம் இணையத்தோடு தொடுத்த வீட்டுக் கணினிக்கு ஒரு மெய்யான முகவரி வழங்கப்பட்டது. அழைப்புக்கு அழைப்பு அது மாறக் கூடியதாயினும், தொடுப்பு நீடிக்கும்வரை உலகின் எந்த மூலையிலிருந்தும் அம்முகவரியை நேரே எட்டலாம். வீட்டிலே குவேக் சேர்வரை இயக்கிவிட்டு, நான்கு எண்களான முகவரியை நண்பர்களுக்குச் சொன்னால் அவர்கள் வந்து சேர்ந்தனர். வேறு எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை. படலையும் இல்லை, காவலனும் இல்லை, முற்றம் தெருவோடு தெருவாய்க் கிடந்தது என்று சொல்லலாம்.

குறை வேறிடத்தில் இருந்தது. வீட்டுக் கம்பியின் வெளிநோக்கிய கொள்ளளவு மிகச் சிறிது. 1998 இல் வகுக்கப்பட்ட விரைவு மோடங்கள் உள்நோக்கி வினாடிக்கு 56,000 பிற்றுகளை ஏற்றாலும் வெளிநோக்கி 33,600 ஐயே அனுப்ப வல்லன. சேர்வர் ஒவ்வொரு விருந்தினருக்கும் வினாடிக்கு இருபது பொதிகளை, பொதி ஒன்றுக்கு நூறு பைற்று வீதம் அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு 16,000 பிற்றுகள் ஆகும். இருவருக்கு மேல் இலையிட இடமில்லை! பின்னர் வந்த ஏடிஎஸ்எல் என்னும் அகன்ற தொடுப்பும் தன் பெயரிலேயே சமச்சீரின்மையைச் சுமந்து வந்தது. கேட்பவனுக்கு வாரி வழங்கி, சொல்பவனுக்குக் கிள்ளிக் கொடுத்த ஏற்பாடு அது. வீட்டிலிருப்போர் நுகர்வோரே அன்றி வழங்குவோர் அல்லர் என்ற எண்ணம் கம்பியிலேயே பதிந்துவிட்டது என்பது என் கருத்து.

தாமதமும் ஒரு பகை. கண்ணாடியிழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்லும். ஐயாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சேர்வருக்குப் போய்வர, வேறு தடையே இல்லாவிடினும், இருபதில் ஒரு பங்கு வினாடி ஆகும். மோடம் தன் பங்குக்கு மேலும் தாமதம் சேர்த்தது. குவேக்கின் முதற் பதிப்பில், ஒருவர் அழுத்திய விசை சேர்வருக்குப் போய்த் திரும்பிய பின்னரே அவர் திரையில் கால் பெயர்ந்தது. மோடத்தில் ஆடியோர் சேற்றில் நடப்பவர் போலாயினர். அந்நிறுவனத்தின் முதன்மை நிரலாளர் யோன் கார்மக் 1996 டிசெம்பரில் 'குவேக்வேர்ல்ட்' என்ற மாற்றுப் பதிப்பை அளித்தார். அதிலே ஆடுவோர் கணினியே தன் அடுத்த அடியை ஊகித்து உடனே காட்டிவிடும். சேர்வரின் தீர்ப்பு வந்ததும் பிழை இருப்பின் திருத்திக்கொள்ளும். இன்றைய விரைவாட்டங்கள் பலவும் இவ்வுத்தியைப் பின்பற்றுகின்றன. எனினும் சேர்வர் இருக்கும் வீட்டுக்காரருக்குத் தாமதம் என்பதே இல்லை. விருந்தளிப்பவரே எப்போதும் முந்தும் இந்த வினோதப் பந்தியைப் பற்றி விருந்தினர் முறையிட்டதில் வியப்பில்லை.

இனி முகவரிக்கு வருவோம். இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரிகள் மொத்தம் 429 கோடியே சொச்சம். 1990களின் தொடக்கத்திலேயே இவை போதா என்பது தெரிந்துவிட்டது. 1994 மே மாதத்தில், கெல்ட் எகெவாங், போல் பிரான்சிஸ் ஆகிய இருவர் 1631 ஆம் இலக்க ஆவணத்திலே ஒரு வழியைக் கூறினர். அதுவே முகவரிப் பெயர்ப்பு. அவர்களே அதனைக் குறுகிய கால மருந்தென்றுதான் விவரித்தனர். 1996 பெப்ரவரியில், 192.168 எனத் தொடங்குவன முதலிய சில முகவரித் தொகுதிகள் எந்த வீடும் தன்னுள்ளே வழங்கிக்கொள்ளலாம் என ஒதுக்கப்பட்டன. 2000 ஆம் ஆண்டையொட்டி ரவுட்டர் என்னும் சிறு பெட்டி வீடுகளுக்குள் புகுந்தது. 2002 இன் இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் வெளியிட்ட நீலமும் கருமையும் கலந்த பெட்டியைப் பலர் நினைவு கூர்வர். ஒரு தொடுப்பை வீடு முழுவதும் பங்கிட அது உதவிற்று. குறுகிய கால மருந்து அன்றாட உணவாயிற்று.

கொழும்பிலுள்ள பெரிய கந்தோர் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வெளியுலகுக்குத் தெரிந்த தொலைபேசி இலக்கம் ஒன்றே. உள்ளே ஐம்பது மேசைகள். மேசையிலிருப்பவர் வெளியே பேச விரும்பினால் இணைப்பாளர் வழிவிடுவார். மறுமொழி வந்தாலும் யாருக்குரியது என்பதை அறிந்து சேர்ப்பிப்பார். ஆனால் வெளியிலிருந்து முன்னறியாத ஒருவர் அழைத்து, எந்த மேசை என்றும் கூறாவிடின், இணைப்பாளர் என் செய்வார்? ரவுட்டர் அத்தகைய அழைப்பை ஒரு சொல்லும் கூறாமல் வைத்துவிடுகிறது. வெளியே செல்லும் ஒவ்வொரு பொதியையும் அது தன் ஏட்டிலே குறித்துக்கொள்ளும். ஏட்டில் இல்லாத வரவு உள்ளே புகாது. செய்தித்தாள் வாசிப்பவருக்கும் கடிதம் எழுதுபவருக்கும் இதனால் யாதொரு குறையும் இல்லை. குறை உற்றவன், பிறர் தன்னிடம் வர வேண்டும் என்று காத்திருந்தவன் ஒருவனே.

இதற்குப் பரிகாரமாகவே போர்ட் திறத்தல் என்ற வழக்கம் எழுந்தது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, "இன்ன இலக்கத்துக்கு வரும் பொதிகளை இன்ன கணினிக்கு அனுப்புக" என்ற நிலையான ஆணையை ஏட்டிலே எழுதிவைப்பது அது. பள்ளி மாணவர் பலர் வலைப் பொறியியலின் அரிச்சுவடியைக் கற்றது இங்கேதான். ஆயினும் எல்லாரும் இதனைச் செய்ய வல்லரல்லர் என்பதை உணர்ந்து, மைக்ரோசொப்ட் முதலான நிறுவனங்கள் 1999 இல் யூபிஎன்பி என்ற அமைப்புக்கென ஒரு மன்றத்தை நிறுவின. ஆட்டமே ரவுட்டரிடம் வாயிலைத் திறக்குமாறு கேட்கும், ரவுட்டர் திறக்கும். கேட்பவர் யார் என்று வினவும் வழக்கம் அதிற் கிடையாது என்பதே அதன் வசதியும் அபாயமும். 2001 டிசெம்பரில் விண்டோஸ் எக்ஸ்பியின் யூபிஎன்பிப் பகுதியிலே, கணினியையே பிறர் கைப்பற்றத்தக்க பாரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. வீட்டுக்குள் உள்ள எந்தத் தீநிரலும் அதே முறையால் வாயிலைத் திறக்குமாறு கேட்கலாம் என்பது தனிக் கவலை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, அது சாதுரியமானது. அடைத்த வாயிலுடைய இரு வீட்டாரும், பொதுவான அறிமுகக்காரர் ஒருவரிடம் ஒருவர் மற்றவரின் புற முகவரியைத் தெரிந்துகொண்டு, ஒரே வேளையில் இருவரும் வெளிநோக்கிப் பொதி அனுப்புவர். இரு ரவுட்டர்களும் தத்தம் ஏட்டிலே அதனைக் குறித்துக்கொள்வதால், எதிர்வரும் பொதியைத் தம்மவருக்கான மறுமொழி என்றே கருதி உள்ளே விடும். சுவரிலே துளையிடுதல் என இதனைப் பொறியியலாளர் அழைப்பர். புற முகவரியை அறியும் முறை 2003 மார்ச்சில் விதியாக எழுதப்பட்டது. 2002 நவம்பரில் தொடங்கிய எக்ஸ்பொக்ஸ் லைவ் போன்ற சேவைகள் அறிமுகக்காரராக அமைந்தன. ஆயினும் சில ரவுட்டர்கள் ஒவ்வொரு மறுமுனைக்கும் ஒவ்வொரு புற இலக்கம் கொடுத்துத் துளையைப் பயனற்றதாக்கின.

அறிமுகக்காரர் இறந்தால் என்னாகும்? 'ஹேலோ 2' என்ற ஆட்டம் 2004 நவம்பரில் வெளிவந்தது. அதன் ஆட்டங்கள் நடந்தது ஆடுவோர் வீட்டுப் பெட்டிகளிலேயே. நிறுவனத்தின் கணினிகள் அவர்களை ஒன்றுசேர்த்தன. முதல் எக்ஸ்பொக்ஸுக்கான அச்சேவை 2010 ஏப்பிரல் 15 இல் நிறுத்தப்பட்டது. புதியவர் எவரும் உள்ளே வர இயலாது. ஆனால் அவ்வேளையில் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களை யாரும் வெளியேற்றவில்லை. சிலர் தம் பெட்டியை அணைக்காமலே விட்டனர். அணைத்தால் மீள முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். நாள்கள் சென்றன, வாரங்கள் சென்றன; பழுதுற்ற பெட்டிகளும் அறுந்த தொடுப்புகளும் ஒவ்வொருவராக அவர்களைக் குறைத்தன. மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில் கடைசி ஆட்டக்காரரும் நீங்கினார். ஏறத்தாழ நான்கு கிழமை, மூடப்பட்ட மண்டபத்துக்குள்ளே அவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வேறு பலருக்கு அந்த நான்கு கிழமையும் கிடைக்கவில்லை. பல நிறுவனங்களின் ஆட்டங்களுக்கு அறிமுகக்காரராக இருந்த கேம்ஸ்பை சேவை 2014 மே 31 இல் நின்றபோது, கடையில் விலை கொடுத்து வாங்கிய பல ஆட்டங்களின் கூட்டாட்டப் பகுதி அதனோடு முடங்கிற்று. 2009 இல் 'மொடர்ன் வோர்பெயர் 2' என்ற ஆட்டம், கணினிப் பதிப்பில் தனிச் சேர்வர் நடத்தும் வசதியை நீக்கியதை எதிர்த்து ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர், நிறுவனம் இணங்கவில்லை. இவற்றோடு குவேக்கை ஒப்பிட்டு நோக்குக. அதன் மூல நிரல் 1999 இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. சேர்வரை எவரும் இயக்கலாம். எனவே அது இன்றும் ஆடப்படுகிறது.

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறைத்தலாகாது. 2016 இல் 'மிராய்' என்ற தீநிரல், உலகெங்கும் வீடுகளிலிருந்த கண்காணிப்புக் கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றிற்று. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது, வாயிலைத் திறந்து வைத்திருந்த சாதனங்கள் அவை. ஒக்டோபர் 21 இல் அத்தகைய படை ஒன்று டைன் என்ற நிறுவனத்தைத் தாக்க, பெயர்பெற்ற தளங்கள் பல மணிக்கணக்கில் எட்டாமற் போயின. மிராயை முதலில் ஆக்கிய மூன்று இளைஞர் 2017 டிசெம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அவர்கள் அதனை ஆக்கத் தலைப்பட்டது எதற்காக? மைன்கிராப்ட் சேர்வர்களை வாடகைக்கு நடத்துவோர் தம்முட் கொண்ட வணிகப் போட்டியே அதன் வித்து! விளையாட்டரங்கின் சச்சரவு ஒரு கண்டத்தின் வலையையே உலுக்கிற்று.

இதற்கிடையில் முகவரிப் பஞ்சம் முற்றிற்று. 2011 பெப்ரவரி 3 இல், உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த கடைசி நான்காம் பதிப்புத் தொகுதிகள் பிரதேச அமைப்புகளுக்குப் பங்கிடப்பட்டன. நம் நாடு முகவரி பெறுவது பிரிஸ்பேன் நகரிலுள்ள ஆசிய பசிபிக் அமைப்பினூடாக. ஏனைய பிரதேசங்களுக்கு முன்னதாக, அவ்வாண்டு ஏப்பிரல் 15 இலேயே அது தன் இறுதித் தொகுதிக்கு வந்துவிட்டது. இணைய நிறுவனங்கள் பல, நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே புற முகவரியின் பின்னே நிறுத்தின. 2012 ஏப்பிரலில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டன. இங்கே வீட்டுக்காரர் தம் ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை. தெருமுனையில் இன்னொரு படலை இருக்கிறது, அதன் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது.

நிலையான மருந்து ஆறாம் பதிப்பு. 1995 டிசெம்பரில் அது முதன்முதல் வரையப்பட்டது; 2012 யூன் 6 இல் பெருநிறுவனங்கள் பல அதனை நிரந்தரமாக இயக்கிவைத்தன. அதன் முகவரிகள் எண்ணத் தொலையா. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் மெய்யான முகவரி கிடைக்கும். முகவரிப் பெயர்ப்பு தேவைப்படாது. ஆயினும் ரவுட்டரின் தீச்சுவர் வெளிவரவைத் தடுப்பதையே இயல்பாகக் கொண்டிருக்கும்; ஆட்டத்துக்குரிய கணினிக்கும் இலக்கத்துக்கும் மட்டும் வழிவிடுமாறு அதற்கு ஆணையிட வேண்டும்.

இன்று வீட்டிலே மைன்கிராப்ட் சேர்வர் நடத்த விரும்புவோர், ரவுட்டர் பக்கத்தில் காட்டப்படும் வெளிமுகவரியையும், வெளித் தளம் ஒன்று காட்டும் தம் முகவரியையும் முதலில் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. இரண்டும் வேறாயின், அல்லது முன்னது 100.64 முதலிய எல்லைக்குள் இருப்பின், வாயில் தம் கையில் இல்லை. பொது முகவரி ஒன்றை நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டும், அல்லது ஆறாம் பதிப்பை நாட வேண்டும். ஒன்றாயின், சேர்வர்க் கணினிக்கு வீட்டினுள்ளே மாறாத முகவரி ஒன்றை ஒதுக்க வேண்டும். ரவுட்டர் முகவரிகளைத் தவணைக்கே வழங்குவதால், ஒதுக்காவிடின் ஒரு நாள் விருந்தினர் அச்சுப்பொறியின் வாசலில் நிற்பர். பின் 25565 என்ற ஓர் இலக்கத்தை மட்டும் அம்முகவரிக்குத் திறக்க வேண்டும். கணினி முழுவதையும் தெருவில் வைப்பது போன்ற ஏற்பாட்டையும் ரவுட்டர்கள் தரும். அதனைத் தொடாதிருத்தல் வேண்டும். அழைக்கப்பட்டோரின் பெயர்ப் பட்டியலைச் சேர்வரில் இட்டு ஏனையோரை விலக்கலாம்.

முடிவாகச் சோதனை. வீட்டினுள்ளிருந்தே தம் வெளிமுகவரியைத் தட்டிப் பார்த்து, கதவு திறக்கவில்லை என்று மனம் சோர்வோர் பலர். வெளியே சென்று உடனே திரும்பி உள்ளே வரும் பொதியைப் பல ரவுட்டர்கள் ஏற்பதில்லை. உண்மையில் வாயில் திறந்தே இருக்கக் கூடும். ஆகவே கைத்தொலைபேசியை வீட்டு வலையிலிருந்து நீக்கித் தொலைபேசி வலையினூடாகத் தட்டிப் பார்த்தல் வேண்டும். அன்றேல் வேறு வீட்டிலிருக்கும் நண்பர் ஒருவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லலாம்.